அமேசான் மருத்துவப் படகில் இரண்டு வாரம்: போக நினைப்பவர்களுக்கு மருந்து ஜன்னலிலிருந்து

கிறிஸ்துமஸ் லீவில் நாகர்கோவில் போகும்போதெல்லாம், ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கையில் யாராவது ஒரு நர்சிங் பிள்ளை வந்து கேட்கும்: "அக்கா, அந்த அமேசான் போட்டுக்கு நானும் வரலாமா?" வெயிலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. பாதி சொல்வதற்குள் ஒரு சித்தி வந்து "வீட்டுக்கு எப்ப வாறே?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவார். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் மருந்தாளர். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை பார்மசியில் வேலை. பெரு நாட்டின் இக்கித்தோஸிலிருந்து கிளம்பும் ஒரு கிறிஸ்தவ மருத்துவப் படகில் மூன்று தடவை போயிருக்கிறேன், தடவைக்கு இரண்டு வாரம். படகின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

ரோடு போட்டு எட்ட முடியாத நகரங்களில் உலகிலேயே பெரியது இக்கித்தோஸ் என்பார்கள். விமானத்தில் போகலாம், இல்லையென்றால் ஆற்றில். தெற்கே நவ்தா வரை சுமார் 100 கி.மீ. தார் ரோடு உண்டு, அதோடு சரி. நவ்தாவுக்குப் பக்கத்தில்தான் மரன்யோனும் உக்காயாலியும் சேர்ந்து அமேசான் ஆகின்றன. அந்தக் கரையோர ஊர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பெக்கே-பெக்கேயில்தான் ஏற்ற வேண்டும். நீளத் தண்டின் நுனியில் விசிறி வைத்த சின்ன இன்ஜின் படகு அது. ஓடும்போது போடும் சத்தமே அதன் பெயர். பெட்ரோல் காசைக் கணக்குப் பார்த்தே பாதிப் பேர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்களிடம் நாம் போவதுதான் இந்தப் படகு வேலை.

யோசனை புதிதல்ல. பிரேசில் பக்கத்து அமேசானில் லியோ ஹாலிவெல் என்ற அமெரிக்கரும் நர்ஸான அவர் மனைவி ஜெஸ்ஸியும் 1931-லேயே 'லுசேய்ரோ' என்ற படகை இறக்கிவிட்டார்கள். அவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள். கத்தோலிக்கர்கள் போப் பிரான்சிஸ் பெயரில் நடத்தும் மருத்துவமனைக் கப்பல் 2019 முதல் பிரேசிலின் ஓபிதோஸ் பக்கம் ஓடுகிறது. பெருவில் ஸ்காட்லாந்தின் வைன் டிரஸ்ட் தொடங்கிய 'அமேசான் ஹோப்' பலருக்கும் தெரிந்த பெயர். ஆக, தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. முதலில் வந்த மின்னஞ்சலுக்கே 'ஆமென்' சொல்லிவிடாதீர்கள்.

எந்த அமைப்பாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, "அதே ஊருக்குத் திரும்ப எப்போது போவீர்கள்?" என்றுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் அதே ஊர்களுக்குப் போகும் படகு என்றால் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு 30 மாத்திரை கொடுத்துவிட்டு 31-ஆம் நாள் யாரும் இல்லையென்றால் அது வைத்தியமில்லை, சுற்றுலா. அடுத்து, படகில் பெரு நாட்டு டாக்டர்களும் நர்சுகளும் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள்தான் முதுகெலும்பாக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் கை கொடுக்க மட்டும். பிறகு நோயாளிகளின் சீட்டு எங்கே போகிறது, அரசு சுகாதார நிலையத்துக்கு ஒரு பிரதி போகிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு படகு பாருங்கள். விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்குவார்களா, வேறு மதத்தவரும் வரலாமா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். எங்கள் படகில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள், காலை ஜெபத்தில் உட்கார மட்டும் சொன்னார்கள்.

டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், பார்மசி ஆட்களுக்குத்தான் முதல் இடம். ஆனால் படிப்பு வேறாக இருப்பவர்களுக்கும் வேலை உண்டு: பெயர் பதிவது, பல் கருவிகளைக் கழுவி ஆவியில் வைப்பது, வாசிப்புக் கண்ணாடி கொடுப்பது. கண்ணாடி வேலையை எங்களோடு வந்த ஒரு ஓய்வுபெற்ற கணக்காளர் அழகாகச் செய்தார். எழுத்துப் பலகை எல்லாம் கிடையாது. ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துக் கோர்க்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் பரிசோதனை நடக்கும். நூல் நுழைந்த நொடியில் அந்தப் பாட்டிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காகித வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். மருத்துவத் தொழில் செய்பவர் பட்டச் சான்று, பதிவுச் சான்று இரண்டையும் அனுப்பி அந்த நாட்டு அனுமதி பெற வேண்டும். அமைப்பு உதவும், ஆனால் நேரம் பிடிக்கும். நான் அங்கே பெரு நாட்டு மருந்தாளரின் கீழ் எண்ணிக் கொடுக்கும் கை மட்டும்தான். இங்கே இருபது வருட அனுபவம் என்று அங்கே போய் அலட்டினால் நடக்காது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பெரு விசாவோடு, எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் மாறுவதற்கு மட்டுமே தனி விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஊசிக்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். பிறகு ஆயுசுக்கும் செல்லும். அட்டையைத் தொலைக்காதீர்கள். பெருவிலிருந்து நேராக இந்தியா திரும்பும்போது இங்கேயும் அதைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை ஒதுக்கி வைக்கும் விதி இருக்கிறது. உயிருள்ள கிருமி ஊசி என்பதால் 60 வயது தாண்டியவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, பி இரண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். அங்கே நாயைவிட ரத்தம் குடிக்கும் வௌவால்தான் பயம். மலேரியா மாத்திரையும் வேண்டும். பெருவின் மலேரியாவில் பெரும்பங்கு இக்கித்தோஸ் இருக்கும் இந்த லொரேத்தோ மாநிலத்தில்தான்.

எந்த மாதம் போவது? நீர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் ஆறு சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும், மூன்று மாடி உயரம். ஏப்ரல், மே வாக்கில் படகு கிட்டத்தட்ட வீட்டுப் படியிலேயே போய் நிற்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அதே வீடு தலைக்கு மேலே தெரியும். வழுக்கும் களிமண் சரிவில் வெட்டிய படியில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். செப்டம்பரில் நான் அந்தச் சரிவில் உட்கார்ந்தபடியே ஆற்றங்கரை வரை வந்து சேர்ந்தேன். கரையில் இருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எல்லாருக்கும் வலி பாதி குறைந்திருக்கும். முட்டி பலமில்லாதவர்கள் நீர் ஏறும் காலத்தில் போங்கள்.

பெட்டியில் துணி கொஞ்சமாகப் போதும். முழுக்கை, நீளக் கால்சட்டை, காலுறை முக்கியம். புல்லில் இசாங்கோ என்று கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி உண்டு. கணுக்காலில் ஏறினால் ஒரு வாரம் சொறிய வைக்கும். தலையில் மாட்டும் டார்ச் வேண்டும், இரவு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அழியாத மார்க்கர் பேனா குறைந்தது ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் லேபிள் அந்த ஈரத்தில் மறுநாளே உரிந்து விழும்.

மருந்தை மட்டும் நீங்களாகச் சுமந்து போகாதீர்கள். முதல் தடவை எனக்குத் தெரிந்த ஒரு சபையில் அன்போடு ஒரு பை நிறைய மருந்து சேர்த்துத் தந்தார்கள். வாங்கி வந்து பிரித்துப் பார்த்தால் பாதி டாக்டர் சாம்பிள், நாலைந்து அட்டை அடுத்த மாதம் காலாவதி, ஒரு பாட்டில் இருமல் மருந்து ஏற்கெனவே திறந்தது. தானமாகப் போகும் மருந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறி. பெருவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான டிகெமிட்டின் அனுமதி தனி. நான் அந்தப் பையை அப்படியே எங்கள் மருத்துவமனையில் அழிக்கக் கொடுத்துவிட்டு, கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பணமாக அனுப்புங்கள், லீமாவிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

படகில் விடிவது ஐந்தரைக்கு. ஜெபம், காப்பி, எட்டு மணிக்குள் முதல் தோணிகள் வந்து படகை ஒட்டி நின்றுவிடும். பதிவு, எடை, ரத்த அழுத்தம், டாக்டர் அறை, கடைசியில் என் ஜன்னல். பல் டாக்டர் வரிசைதான் எப்போதும் நீளம். சர்க்கரை போய்ச் சேர்ந்த அளவுக்குப் பல் டாக்டர் போய்ச் சேரவில்லை. அதனால்தான் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டு வரவே கூடாது என்கிறேன். சாப்பாட்டைப் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். யூக்கா என்று தட்டில் வைப்பது நம்ம மரச்சீனிக் கிழங்குதான்; அதற்குச் சொந்த ஊரே அந்தக் கண்டம். அவித்த மரச்சீனியும் ஆற்று மீனும் வந்த அன்று நான் கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்துச் சமையல்காரர் எனக்கு இன்னொரு துண்டு வைத்தார். தேங்காய் அரைத்த குழம்பு மட்டும்தான் இல்லை.

இப்போது மருந்து ஜன்னல். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் படகு போன பிறகு ஊரில் மிஞ்சுவது அந்த ஜன்னலில் கொடுத்த பையும் சொன்ன வார்த்தையும்தான்.

முதல் தடவை, முதுகு வலிக்கு ஒரு அம்மாவுக்கு ஐபுபுரூபன் கொடுத்தேன். தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். பையின் மேல் மூன்று தட்டு படம்கூட வரைந்தேன், பெருமையாக. படகு மறுநாளும் அங்கேயே நின்றது. அந்த அம்மா திரும்பி வந்து ஒரு மாத்திரையை நீட்டி, "இது மிச்சம்" என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரு நாட்டு மருந்தாளர் அம்மாதான் கேட்டுச் சொன்னார்: அவர்கள் வீட்டில் இரண்டு வேளைதான் சாப்பாடு. மூன்றாவது தட்டு இல்லை, அதனால் மூன்றாவது மாத்திரையும் இல்லை. அன்றிலிருந்து மருந்தை எடுப்பதற்கு முன்பே "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். இரண்டு என்றால் சீட்டை டாக்டரிடம் திருப்பி எடுத்துப் போய், இரண்டு வேளையில் முடிகிற மருந்தாக மாற்ற முடியுமா என்று கேட்பேன். பெரும்பாலும் முடியும்.

பிள்ளைகளின் சிரப் அதைவிடக் கஷ்டம். அமாக்சிசிலின் பொடியைக் கலக்காமல் பாட்டிலாகக் கொடுத்தால் ஆற்றுத் தண்ணீரில் கலக்குவார்கள். அதனால் படகிலேயே காய்ச்சிய தண்ணீர் ஊற்றிக் கலந்து கொடுக்க வேண்டும். அளவு எப்படிச் சொல்வது? வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு சைஸ். இதற்கு எனக்கு வழி காட்டியது என் பாட்டி. பாட்டி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போய் வந்தவர். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வேலை செய்த ஆஸ்பத்திரி அது. பாட்டிக்கு எந்த டாக்டரின் முகமும் ஞாபகமில்லை. கம்பவுண்டர் தந்த மிக்சர் பாட்டில்தான் ஞாபகம்: பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், ஒரு வேளைக்கு ஒரு பல் இறங்க வேண்டும்.

அதையே செய்தேன். 60 மி.லி. பாட்டில், காலை 5 மி.லி., மாலை 5 மி.லி., ஐந்து நாள். காலி பாட்டிலில் முதலில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து மார்க்கரில் ஒரு கோடு, இன்னொரு 10, இன்னொரு கோடு. பாட்டில் கழுத்துப் பக்கம் குறுகுவதால் ஸ்கேல் வைத்துச் சமமாகப் போட்டால் தப்பாகிவிடும், தண்ணீர் ஊற்றித்தான் போட வேண்டும். கோடு போட்ட அந்த ஒரு பாட்டிலை அளவாக வைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் கோடு போட்டுவிடலாம். ராத்திரி படுக்கும்போது மருந்து ஒரு கோடு இறங்கியிருக்க வேண்டும். கடைசிக் கோட்டுக்குக் கீழே மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும். கூடவே ஊசியில்லாத சிரிஞ்சில் 5-ல் கலர் டேப் சுற்றிக் கொடுப்போம். முதல் டோஸை அம்மாவையே என் கண் முன்னால் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்வேன். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாமும் டாக்டர் முன்னால் தலையாட்டியவர்கள்தானே.

இன்னொன்று. ஒருவருக்கு வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதியிருந்தது. "லிகோர் (சாராயம்) குடிக்கக் கூடாது" என்று என் அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். அவர் நிமிர்ந்து, தான் சபைக்காரன், லிகோர் தொடுவதே இல்லை என்றார். நான் நிம்மதியாகப் பையை நீட்ட, மருந்தாளர் அம்மா தலையை நீட்டி ஒரே வார்த்தை கேட்டார்: "மசாத்தோ?" அவர் விழித்தார். "அது குடிக்கிற தண்ணீர் மாதிரியல்லவா?" மசாத்தோ என்பது மரச்சீனியை அவித்து, மென்று துப்பிப் புளிக்க வைக்கும் பானம். வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் கொடுப்பது அதுதான். யாரும் அதைச் சாராயக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்றைக்குப் போட்ட இனிப்பானது சரி, புளித்தது மாத்திரை முடிந்து இரண்டு நாள் வரை வேண்டாம் என்று அந்த அம்மா பேசி முடித்தார். அகராதியில் இதெல்லாம் இல்லை. உள்ளூர் ஆள் பக்கத்தில் இல்லாமல் ஜன்னலைத் திறக்காதீர்கள்.

இரும்புச்சத்து சொட்டு மருந்து நிறையப் போகும், ரத்தசோகைப் பிள்ளைகள் அவ்வளவு. மலம் கறுப்பாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார்கள். காப்பியோடு கொடுக்க வேண்டாம், காமு காமு ஜூஸோடு கொடுக்கச் சொல்லலாம். கரையோரத்தில் விளையும் அந்தப் புளிப்புப் பழத்தில் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது.

ஸ்பானிஷ் மூன்று மாதமாவது படியுங்கள். "தோந்தே லே துவேலே?" என்றால் எங்கே வலிக்கிறது. "எம்பராசாதா" என்றால் கர்ப்பிணி. ஆங்கிலக் காதுக்கு வெட்கப்படுகிறாள் என்று கேட்கும், ஏமாறாதீர்கள். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுக்கும் முன் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. குடற்புழுவை அங்கே 'பிச்சோஸ்', அதாவது பூச்சிகள் என்பார்கள். நாமும் பூச்சி மருந்து என்றுதானே சொல்கிறோம்? பிள்ளைக்கு 'சுஸ்தோ' என்று ஒரு தாய் சொன்னால் சிரிக்காதீர்கள். பயந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். நம் வீடுகளில் பயம் தெளிய வைப்பது போல அங்கேயும் அதற்கென்று ஆள் உண்டு. அங்கே காட்டியதைத் தப்பென்று சொல்லாமல், காய்ச்சல் இருக்கிறதா, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டே போனால் விஷயம் வெளியே வரும்.

ஜெபம் பற்றி ஒரு வார்த்தை. வரிசையில் நிற்பவரிடம் வேதம் பேசாதீர்கள். மருந்து கையில் கிடைக்கும் வரை அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் படகின் போதகர் மாலை எல்லாம் முடிந்து மருந்துப் பையோடு மக்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் கரையில் கித்தாரோடு உட்காருவார். வேண்டியவர்கள் வருவார்கள். ஒரு இளைஞர் குழு வந்த வருடம் இது தலைகீழாகி, பாட்டு முடியும் வரை பதிவே தொடங்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வெயிலில் நின்றாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் சத்தம் போட்டேன். மறுநாள் பதிவு எட்டு மணிக்கே தொடங்கியது.

கடைசி நாள் களைப்பில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பார்மசி ஆட்களுக்கு அப்போதுதான் வேலை. மிச்ச மருந்தை எண்ணி, காலாவதித் தேதியோடு பட்டியல் எழுதி, அடுத்த குழுவுக்கு ஒன்று, சுகாதார நிலையத்துக்கு ஒன்று. நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி நிலையத்தின் ஊழியர் கையிலேயே கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் 4 வாரம், அட்டோவகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். அங்கே அதிகம் இருக்கும் வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலாக வரும். அப்போது டாக்டரிடம் போனால் "வைரல்" என்று எழுதும் முன்பே, லொரேத்தோ போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.